தாசில்தாரின் முட்டி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு நாய்க்கு முட்டி ஆபரேஷன் செய்யவைத்த முதல் ஆள் நான்தான். கத்தியை நான் பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. தெற்கே என்றதைக் கடல்வரைக்கும் நீட்டிவிடாதீர்கள். எங்கள் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது நானில்லை, நாய்க்குச் சொந்தக்காரி அம்சம்.

அம்சத்தின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காகவும் குத்தகைக்காகவும் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்கும் போய்வந்த தலைமுறை. உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கும் ஒரு துண்டு வயலுக்குப் பட்டா கிடைத்தது. அதில்தான் அம்சம் இன்றுவரை நெல் போடுகிறாள்.

பக்கத்து வயல் செல்லதுரையுடையது. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இங்கெல்லாம் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு பூசுவார்கள். செதுக்குகிற சாக்கில் பொது வரப்பை விரலளவு விரலளவாகத் தன் பக்கம் கரைத்துக்கொள்வது செல்லதுரை வீட்டுப் பரம்பரைக் கலை. அதற்கு அம்சம் வக்கீல் வைக்கவில்லை, நாய் வைத்தாள். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். வரப்பின் நடுவில் படுத்துக்கொண்டு மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே உறுமும். அளக்க வந்த எந்த அதிகாரியும் அந்த வரப்பில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை என்பதால் ஊரே அதைத் தாசில்தார் ஆக்கிவிட்டது.

பத்து வயதில், அறுவடை மெஷினுக்கு ஒதுங்கி வரப்பிலிருந்து குதித்தபோது தாசில்தாருக்குப் பின்னங்கால் ஒன்று மடங்கியது. அதன்பிறகு அந்தக் கால் தரையில் படவே இல்லை. பச்சிலைக் கட்டு, மஞ்சள் பற்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊரிலிருந்த ஒரே லோடு ஆட்டோ செல்லதுரையுடையது. எதிரியின் வண்டியில் ஏற மாட்டேன் என்று தாசில்தார் பல்லைக் காட்ட, வாயைத் துண்டால் கட்டித்தான் ஏற்றினோம்.

டாக்டரம்மா முட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது என்றார். தூண்டில் நரம்பு மாதிரித் தடித்த நைலான் இழையால் மூட்டை வெளிப்பக்கமாக இழுத்துக் கட்டலாம். கட்டாமல் விட்டால் மூட்டு தேயும். பாரம் தாங்குகிற மற்றக் காலும் கெடலாம். ரத்தம், இதயம் எல்லாம் பார்த்ததில் தாங்கும் என்றுதான் தெரிகிறது, ஆனால் வயதான நாய், மயக்க மருந்திலிருந்து எழாமலும் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். நடவு நட்டே அம்சத்துக்கு இரண்டு முட்டியும் போயிருந்தன. மெட்ராஸில் நர்ஸாக இருக்கும் மகள் ஆபரேஷனுக்கு வருஷக்கணக்காகக் கூப்பிட்டும் போகாதவள். அதை வைத்துச் சீண்டினேன்.

"உன் முட்டிக்கு வேண்டாம்னே. நாய் முட்டிக்கு மட்டும் கத்தியா?"

"நான் கம்பு ஊனிக்குவேன் டீச்சரம்மா. அது எதை ஊனும்?"

எழுந்து போய்ச் சரியென்று சொல்லிவிட்டு வந்தாள். உள்ளே தாசில்தார் மயக்கத்தில் கிடந்த நேரம் முழுவதும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாய் எழுந்துவிட்டது. ஆனால் ஒன்றரை மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. அம்சம் வீட்டுக்குள் நெல் மூட்டைகளை மூன்று பக்கமும் அடுக்கி அதற்கு ஒரு அறை கட்டினாள். தையலை நக்காமலிருக்க மாட்டிவிட்ட கூம்பு உடைந்ததும் பெயிண்ட் வாளியின் அடியை அறுத்து மாட்டினாள். வெளிக்குப் போக மட்டும், வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக் கூட்டிப்போவாள். மற்ற நேரமெல்லாம் தாசில்தார் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எலிகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

இதற்குள் குறுவை வேலை தொடங்கிவிட்டது. காவலில்லாத வரப்பு என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டு போய்ப் பார்த்தாள். விரலளவுகூடக் குறையவில்லை. செல்லதுரையிடமே காரணம் கேட்டாள்.

"தாசில்தார் லீவுல இருக்காருக்கா. ஆளில்லாதப்ப வெட்டுனா என்னை யாரு மதிப்பா? வரட்டும், பாத்துக்கிறேன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, சிமெண்டுத் தரை வேண்டாம், மெத்தென்ற இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடுங்கள் என்றார். எங்கள் ஊரில் மெத்தென்ற இடம் என்றால் மோட்டார் தண்ணீர் பாய்ச்சி உழுதுபோட்ட வயல்தான். நானும் ஆமாம் போட்டேன். மறுநாள் காலையில் கொண்டுபோய் இறக்கினோம். இரண்டு எட்டில் சேறு கால்களை விழுங்கிவிட்டது. உருவப் பார்த்தது, முடியவில்லை, ஒரே கத்தல். தன் வயலில் நின்ற செல்லதுரை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதை வாரித் தூக்கினான். கையில் ஒரு கடியும் வாங்கிக்கொண்டான்.

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நல்ல வேளை, இழை அறவில்லை, சதைதான் பிடித்துக்கொண்டது. யாராவது நாயைச் சேற்றில் நடத்துவார்களா என்று டாக்டரம்மா கோபித்தார்.

"நாங்கல்லாம் சேத்துலதாங்க நடந்து பழகுனோம்" என்றாள் அம்சம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணல் தரையாக, வயிறு நனைகிற அளவு தண்ணீராகப் பாருங்கள், தண்ணீரே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று விளக்கிச் சொல்லி அனுப்பினார்.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டுகிறவரை காத்திருந்தோம். வந்த அன்று ஊர் கூடிப் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டுக் கலைந்த பிறகு, மணல் படிந்த இடமாகப் பார்த்துச் செல்லதுரை துண்டும் நாயுமாக இறங்கினான். இன்றைக்கும் அந்தக் கால் தரையில் படாவிட்டால் இனி எப்போதுமே படாது என்று அம்சம் மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தாள். பார்க்கத் தைரியமில்லாமல் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தாசில்தார் துண்டை உதறி எறிந்துவிட்டு, ஓட்டத்தை எதிர்த்து மதகுவரை நீந்திப்போய், அங்கே ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

இதுவரை எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லதுரைக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீந்தலை டீச்சர். மீனும் இல்லை. துண்டை நான் நைசா விட்டுட்டேன், அது அதுக்குத் தெரியாது. நாலு காலையும் வெச்சு நடந்து, கரையேறி, அக்கா முதுகுல போயி மூக்கை வெச்சுச்சு."