கண்ணாடிக்குக் கரை போட்டவள்

கண்ணாடித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் குமாஸ்தாவுக்கே மறந்து போயிருக்கும். ஓடும் பட்டையில் டம்ளர்கள் வரிசையாக வரும். அவற்றுக்குப் பின்னால் வெள்ளை விளக்குப் பலகை எரியும். முடியளவு கீறலோ கடுகளவு குமிழியோ தென்பட்டால் போதும், பக்கத்தில் இருப்பவள் என்னவென்று கேட்பதற்குள் அந்த டம்ளர் ஒதுக்குக் கூடையில் கிடக்கும். பதினோரு வருடமாக இதே வேலை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணை மூடிச் சுவரில் சாய்வார்கள். அவளுக்கோ அந்த அரைமணி நேரத்தில்தான் கண்ணே திறக்கும்.

காரணம், அவள் பைக்குள் கிடந்த கேமரா. கணவனின் தம்பி ஆசை ஆசையாய் வாங்கி, மூன்றே மாதத்தில் அலுத்துப்போய்ப் பரணில் போட்டுவிட்ட கேமரா அது. "வேணும்னா நீங்க எடுத்துக்குங்க அண்ணி" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, இவள் ஏணியில் பாதி ஏறியிருந்தாள். அன்றிலிருந்து சொட்டுகிற குழாய், ஜன்னல் கம்பி, பாதி குடித்து வைத்த தண்ணீர் எல்லாம் படமாயின. அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் இருக்கும் எதையும் அவளைக் கேட்காமல் தொடமாட்டான். மாடியில் குடியிருந்த நாத்தனாருக்குத்தான் பொறுக்காது. ஆளை நிற்கவைத்து எடுத்தாலாவது புண்ணியம் உண்டு, காலி கிளாஸை எடுத்து யாருக்குக் காட்டப்போகிறாய் என்று தினம் ஒரு தடவையாவது கேட்டுவிட்டுத்தான் படியேறுவாள்.

அந்த வருடம் தொழிற்சாலையில் ஜாடி, கிண்ணம், பூச்சாடி என்று நூற்றிருபது புதுச் சரக்கு வந்தது. கடைக்காரர்களுக்கு அனுப்பப் படப்புத்தகம் போட வேண்டும். இரண்டு உதவியாளர்கள், ஆறு பெட்டி விளக்குகள் சகிதம் ஒரு புகைப்படக்காரர் வந்து இறங்கினார். கீறலில்லாத சரக்காகப் பொறுக்கி அவர் கையில் கொடுக்கும் வேலை இவளுக்கு.

மனிதர்களைப் படம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் கண்ணாடி வேறு ஜாதிப் பிராணி. விளக்கைப் போட்டால் ஜாடியின் வயிற்றில் விளக்கு தெரிந்தது. விளக்கை நகர்த்தினால் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலை மூடினால் அவருடைய மூக்கே தெரிந்தது. இரண்டு நாள் படாத பாடு பட்டுவிட்டு, கண்ணாடி தனக்குப் பழக்கமில்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டு அவர் மூட்டை கட்டினார். விளக்குகளை மட்டும் மறுநாள் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கொள்வான் என்றார். அச்சகத்துக்குக் கொடுத்த தேதிக்குப் பத்தே நாள். விற்பனை மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார் என்று முதல் நாள் காலையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அவர் வெளிச்சத்தைக் கண்ணாடியின் முகத்தில் அடித்தார். பதினோரு வருடமாக இவள் பார்த்த வெளிச்சமோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"சார், நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல அவர் படம் எடுத்த ரூமை எனக்குக் கொடுங்க" என்றாள். "இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?"

முழுகிக்கொண்டிருப்பவருக்கு எதுவாயிருந்தால் என்ன. மேலாளர் தலையாட்டினார்.

மறுநாள் வெள்ளைப் போர்வை ஒன்றைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு, விளக்குகளையெல்லாம் அதன்மேல் திருப்பினாள். முன்னால் ஒரு ஜாடி. மூக்கும் ஜன்னலும் மறைந்தன. ஆனால் ஜாடியும் கூடவே மறைந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாய்க் கரைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கடிகாரம் ஓடியது. என்னதான் நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கக் கருநீலச் சீருடையில் பேக்கிங் பெண் ஒருத்தி உள்ளே வந்து ஜாடிக்கு இடப்பக்கம் நின்றாள்.

ஜாடியின் இடது ஓரத்தில் பேனாவால் இழுத்ததுபோல் ஒரு கோடு விழுந்தது.

"அப்படியே நில்லு. அசையாத" என்றாள். அவள் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு அந்தப் பெண் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டு வலப்பக்கம் நிறுத்தியதும் அங்கேயும் கோடு விழுந்தது. அப்புறம் அவர்களை விடுவித்துவிட்டு, இரண்டு கறுப்பு அட்டைகளை வெட்டிப் படத்துக்குள் வராதபடி இரு பக்கமும் நிற்கவைத்தாள். புடவைக்குக் கரை போட்டதுபோல ஜாடி எடுப்பாக எழுந்து நின்றது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பார்த்த மேலாளர், இது நம்ம ஜாடிதானா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு உற்சாகமாக, நாளையிலிருந்து இதையே செய், ஓவர்டைமில் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று பிற்பாடு அவளுக்கே புரியவில்லை.

"டம்ளர் பாக்குறதுக்குத்தான் சார் எனக்கு சம்பளம். இது வேற வேலை. அந்தப் போட்டோக்காரருக்கு என்ன கூலி பேசினீங்களோ அதையே எனக்கும் பேசுங்க. எட்டு நாள் லீவு போட்டுட்டு எடுத்துத் தர்றேன். படம் பிடிக்கலைன்னா எதுவும் தர வேண்டாம்."

மேலாளர் எழுந்து முதலாளி அறைக்குப் போனார். திரும்பி வந்து, "சரி, அந்த விளக்கையும் வாடகைக்குப் பேசிடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே அமர்க்களம். ஜாடிக்கு அடியில் நிழல் விழாமலிருக்க, பழைய ஃபிரிட்ஜில் கிடந்த கண்ணாடித் தட்டைக் கழற்றித் தேய்த்துக் கொடுத்தான் கணவன். நாத்தனார் படியிலேயே நின்று முழுக்கதையையும் கேட்டாள். கேலி வரும் என்று இவள் காத்திருந்தாள்.

"அந்தக் கறுப்பு அட்டையைப் பிடிக்க ஆள் வேணுமா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

எட்டு நாளும் அவள் கூடவே நின்றாள். குற்றம் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணுக்கு அப்போதுதான் சரியான வேலை கிடைத்தது. ஒரு கைரேகைகூட அவளைத் தாண்டிப் போகவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் நூற்றிருபதாவது கிண்ணத்தை எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் கடைகளுக்குப் போனது. வாசனைத் திரவியம் விற்பவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எடுத்தது யார் என்று விசாரித்து வந்தார். அவர் வழியாகத் தேன் கம்பெனிக்காரர், அவருக்குப் பின்னால் ஊறுகாய்ப் பாட்டில்காரர். ஆறு மாதத்தில், இரண்டு வேலையையும் சேர்த்து இழுக்க முடியாமல், ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தாள். கணவனின் பட்டறையில் பாதியைத் தடுத்து அவளுக்கு அறை கட்டினார்கள்.

போன வாரம் ஒரு பாத்திரக் கடைக்காரர் வந்து, பளபளவென்று மின்னும் எவர்சில்வர் கெட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குள் விளக்கு, கூரை, கதவு, அவள், நாத்தனார் எல்லாரும் வளைந்து நெளிந்து தெரிந்தார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற வித்தை இதனிடம் செல்லாது.

"இதை எப்படி எடுக்கப் போறோம்?" என்றாள் நாத்தனார்.

"தெரியலையே" என்றாள் அவள். சொல்லும்போதே முகமெல்லாம் பூரித்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கெட்டிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.