மழை இருட்டில் சோலார்

எங்கள் கட்டடத்துக் கூரையில் சோலார் தகடுகள் பூட்டினார்கள். அந்த மின்சாரத்தை மேலே குடியிருப்பவர்களும் கீழே உள்ள கடைகளும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றபோது, கடைக்காரர்களில் முதலில் சேர்ந்தவள் நான்தான். என்னுடையது மீன்கடை. வரும் லாபத்தையெல்லாம் ஃப்ரீசர்களே தின்றுகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு கடைகள் சேராவிட்டால் கடைகளுக்குப் பங்கே இல்லை, எனக்குத் தந்த இணைப்பையும் வெட்டிவிடுவோம் என்று கட்டடச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

ஒருவரும் அசையவில்லை. போர்க்காலத்தில் வன்னியில் சோலாரும் பற்றரியுமாக வாழ்ந்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். மழை இருட்டினால் விளக்கு மங்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இங்கே வெயில் குறைந்தால் வழமையான லைன் கறண்ட் தானாக வரும் என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"முதல் உங்கட மீன் தப்புதோ பாப்பம்," என்றார் பக்கத்துப் பலசரக்குக்கடை அண்ணை. அவர் தலையாட்டினால்தான் எங்கள் லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் மற்றவர்களும் தலையாட்டுவார்கள்.

வியாழன் மத்தியானம், வானம் கறுத்துக் கிடந்த நேரம், என் கடை இருண்டது. ஃப்ரீசர்களின் இரைச்சல் அடங்கியது. வெளியே ஓடினேன். அண்ணை தன் ஷட்டரை அவசரமாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் முழிக்கவும் பிடிக்கவில்லையாக்கும் என்று எரிச்சல் வந்தது.

மாதக்கணக்காக நான் சொன்னது அடுத்த கடைக்குப் போகவில்லை. இந்தச் செய்தி மட்டும் நகரத்துக்கு வெளியே ஓல்னே வரைக்கும் பறந்துவிட்டது. அங்கிருந்து மச்சாள் போன் எடுத்தாள்.

"சோலார் வெடிச்சு மீனெல்லாம் பழுதாப் போச்சாமே? பக்கத்துக் கடை அண்ணைதான் அடிச்சுச் சொன்னவர்."

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

எலெக்ட்ரிசியன் வந்து பார்த்தான். கட்டடத்தின் பழைய வயர் கருகியிருக்கிறது, சோலாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிரெஞ்சில் சொன்னான். அதை நான் தமிழில் உரக்கச் சொன்னேன்.

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான்," என்றது ஒரு குரல். அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஷட்டரைத் தட்டினான். அதே வயர்தான் அங்கேயும் போகிறதாம். ஷட்டர் மெல்ல ஏறியது. உள்ளே கும்மிருட்டு. அண்ணை ஐஸ்கிரீம் ஃப்ரீசரைக் கம்பளியால் போர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோலாரில் சேராத கடை. வாசலில் நின்றவர்கள் என் கடையையும் அந்தக் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தங்கச்சி, என்ரை பேரையும் போட்டுவிடுங்கோ," என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

"போடுறன் அண்ணை. முதல் ஓல்னேயிலை மச்சாளுக்குப் போன் அடியுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ."

அவர் போனை எடுத்தார். "ஓம், நான்தான்... என்ரை கடையிலையும் கறண்ட் போயிட்டுது."

பின்னால் நின்ற நகைக்கடைக்காரர் என் பக்கம் சரிந்து கேட்டார்: "நாளைக்குத்தானே கடைசி நாள்?"