நான்கு நிமிடம் இருபது விநாடி

கிருபா அந்த மருத்துவமனைக்குள் முதன்முதலில் நுழைந்தது கேபிள் இழுக்க. அவிநாசிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஏணி ஏறியவள், பதினோரு வருடத்தில் கட்டடத்தின் மொத்த நெட்வொர்க்கையும் கவனிக்கும் ஒற்றை ஆளாகியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஓர் இதய அறுவை சிகிச்சையை, அரங்கில் கூடியிருந்த இருநூறு டாக்டர்களுக்கு நேரலையாகக் காட்ட ஏற்பாடு. ஆபரேஷன் தியேட்டர் கேமராவின் படம் மல்டிகாஸ்ட் முறையில் போகும். ஒரே பிரதியாகக் கிளம்பும் படத்தை, கேட்கிற திரைகளுக்கு மட்டும் நெட்வொர்க் சுவிட்ச் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்பதரை மணி ஒத்திகையில் அது யார் கேட்டார்கள் என்று பார்க்காமல் எல்லா ஒயரிலும் படத்தைக் கொட்டியது. ஐ.சி.யூ.வின் பன்னிரண்டு நோயாளிகளுடைய இதயத் துடிப்பை ஒரே இடத்தில் காட்டும் பெரிய திரையும் அதே நெட்வொர்க்கில், அதே முறையில்தான் ஓடியது. அதில் கோடுகள் திக்கித் திக்கி நகர்ந்தன.

கிருபா சர்வர் அறைக்குப் போய் ஸ்னூப்பிங் என்ற அமைப்பை இயக்கினாள். இனி, கேட்கிற திரைகளின் பட்டியல் ஒன்றைச் சுவிட்ச் வைத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் அனுப்பும். மூன்று நிமிடம் பார்த்தாள். அரங்கில் படம் தெளிவு; ஐ.சி.யூ.விலும் கோடுகள் சீர். லேப்டாப்பை மூடிவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் போன் அடித்தது. ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸ் மெர்சி. குரல் உயரவில்லை.

"கிருபா, பெரிய திரை போயிருச்சுங்க. பன்னெண்டு பெட்டும்."

திரும்பி ஏறும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டியலில் ஒரு திரையின் பெயர் நான்கு நிமிடம் இருபது விநாடிக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் அழிந்துவிடும். "இன்னும் வேண்டுமா?" என்று அவ்வப்போது யாராவது கேட்டால்தான் திரைகள் பதில் சொல்லும். அப்படிக் கேட்கும் வேலையை அந்த நெட்வொர்க்கில் எந்தக் கருவிக்கும் அவள் கொடுத்திருக்கவில்லை. தெரிந்த விஷயம்தான். மறந்திருந்தாள்.

படம் மறுபடி எல்லா ஒயரிலும் கொட்டாமல் இருக்க, தியேட்டருக்குப் பேசி முதலில் கேமராவை நிறுத்தினாள். பிறகு போட்ட அமைப்பை எடுத்தாள். ஸ்பீக்கரில் இருந்த போனில் ஐ.சி.யூ.வின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படுக்கையோரச் சிறு கருவிகளைப் பார்க்க, ஆறு நர்ஸுகளை ஆளுக்கு இரண்டு படுக்கையாக மெர்சி நிறுத்தியிருந்தாள். ஒன்பதாம் படுக்கையில் துடிப்பு முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். மருந்து கேட்டார்கள். ஓடும் செருப்புச் சத்தம். கிருபாவின் விரல்கள் ஒரே கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தன.

திரை திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் படுக்கையும் தேறியது.

நிர்வாக அதிகாரி லட்சுமிநாராயணன் சர்வர் அறை வாசலில் வந்து நின்றபோது மணி பத்து இருபது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று, வெளியூர் டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கேமராவப் போடச் சொல்லிரட்டுங்களா அம்மணி?"

"ஆபரேஷன் நடக்கட்டுங்க சார். படம் அப்பறம் வரட்டும். மூணு நிமிஷம் பாத்துப்போட்டு எறங்கிப் போயிட்டேனுங்க, தப்பு என்னுது. இந்தத் தடவை பத்து நிமிஷம் பாக்காமப் போட மாட்டேனுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் அரங்கில் அறிவிக்கச் சொல்லிப் போனில் பேசினார்.

கிருபா மெர்சியிடம் இன்னொரு பத்து நிமிடம் நர்ஸுகள் படுக்கையருகிலேயே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பிரதான சுவிட்சுக்குக் கேள்வி கேட்கும் பொறுப்பைக் கொடுத்து, ஸ்னூப்பிங்கை மறுபடி இயக்கினாள். பட்டியலில் ஐ.சி.யூ. திரைக்கு எதிரே, அந்த நான்கு நிமிடம் இருபது விநாடி இருநூற்று அறுபது என்ற எண்ணாகத் தோன்றி, விநாடிக்கு ஒன்றாக இறங்கியது. இருநூறு. நூற்று ஐம்பது. நூற்று முப்பத்தாறு. சட்டென்று மீண்டும் இருநூற்று அறுபது. திரை பதில் சொல்லிவிட்டது. ஆனாலும் அவள் எழவில்லை. ஐந்தாவது நிமிடம் தாண்டும்போது லட்சுமிநாராயணனும் பக்கத்தில் வந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பதுக்குக் கேமரா ஓடியது. கோடுகள் திக்கவில்லை.

மாலையில் அறிக்கை எழுதும்போது, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டால் போதும் என்றார் லட்சுமிநாராயணன். கிருபா தன் பெயரைப் போட்டு, செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதினாள். ஐ.சி.யூ.வுக்குத் தனி நெட்வொர்க் வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்தாள். விசாரணை இரண்டு வாரம் நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தனி நெட்வொர்க்குக்கு ஒப்புதலும் வந்தது.

அறிக்கை கொடுத்த அன்றே அவள் ஐ.சி.யூ. வாசலுக்குப் போயிருந்தாள். ஒன்பதாம் படுக்கையில் இருந்தவர் சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் அப்துல் குத்தூஸ். அவர் மனைவி பாத்திமுத்து வெளியே பெஞ்சில் இருந்தார்.

"காலையில திரை நின்னது என்னாலதானுங்க," என்றாள் கிருபா.

பாத்திமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை.

"நர்ஸம்மா பக்கத்துலயே நின்னாங்க," என்றார். பிறகு பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிருபா அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.