பச்சோந்திக்கு வந்த அம்மை

எங்கள் வீட்டில் பச்சோந்திக்கு அம்மை போட்டது என்று சொன்னால் இன்றைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அறுபதுகளில் ஒரு கோடை. நான் ஒன்பதாவது படித்தேன். செஞ்சி கடைத்தெருவில் நைனாவுக்கு மளிகைக்கடை. சிங்கவரத்திலிருந்து வந்த விறகு வண்டியில், ஒரு வேப்பங்கிளையைப் பிடித்தபடி அந்தப் பச்சோந்தி வந்திருந்தது. கிளி பறந்துபோன பெரிய கூண்டு கொல்லையில் சும்மா கிடந்தது. அதில் கிளையோடு விட்டு வளர்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும். காலையில் வெயில் பட்டதும் ஒரு கண்ணைத் திறக்கும், யோசித்து மற்றதைத் திறக்கும். என் தம்பிகளைவிட ஒழுங்கு.

திடீரென்று எல்லாம் தலைகீழாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகும் தூங்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தைக் கம்பியில் தேய்த்தது. வெயில் ஏறியும் கண்ணை மூடியே கிடந்தது. வெட்டுக்கிளியை முகத்துக்கு நேரே நீட்டினாலும் நாக்கு வெளியே வரவில்லை. பச்சை வெளிறி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நின்றது.

துணி காயப்போட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அடியே, கைய எடு. மாரியாத்தா வந்திருக்கா."

"ஓணானுக்கு இன்னாம்மா அம்மை? தோல் உரியுது. பாம்பு சட்டை உரிக்குதில்ல?"

"பாம்பு முழுசா கழட்டிப் போடும். இது கொப்புளம் காஞ்ச மாதிரி திட்டுத் திட்டா இருக்குது. யார் மேல வரணும்னு அவ உன்ன கேட்டுட்டா வருவா?"

எங்கள் தெருவிலேயே அப்போது இரண்டு வீடுகளில் அம்மை. அவள் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அதற்காக இப்படியா? நிலையில் வேப்பிலை செருகினாள். கூண்டின் மேல் காலையும் மாலையும் வேப்பிலைத் தண்ணீர் தெளித்தாள். வீட்டில் தாளிப்பு நின்றது. போகிறவர்கள் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, எங்களில் யாருக்கோ என்று ஒதுங்கிப் போனார்கள். பச்சோந்திக்கு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதெல்லாம் கூடத் தொலையட்டும். ஆத்தா இருக்கிற வீட்டில் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது என்றாள். அப்படியென்றால் வெட்டுக்கிளி கிடையாது. நோயில் சாகாததைப் பட்டினி போட்டே சாகடிக்கப் போகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைனாவிடம் போய் முறையிட்டேன். "உங்கம்மா சொல்றத கேளு. எனக்குக் கடைக்கு டைமாவுது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாவாடையில் மறைத்து ஒரு வெட்டுக்கிளி கொண்டுபோனேன். பச்சோந்தி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வெட்டுக்கிளி அதன் முதுகின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே சாகப்போகிறதோ என்று எனக்கே பயம் வந்து, கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு ஒரு நாள் காலை பார்த்தால், கம்பியெல்லாம் வெங்காயச் சருகு போலத் தோல் தொங்கியது. நடுவில் அது, புத்தம் புதுப் பச்சையாக, இரண்டு கண்ணையும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டைத் திறந்ததும் என் விரலில் ஏறியது.

"பாரும்மா, தோல்தான் உரிஞ்சிருக்குது!" என்று கத்தினேன்.

அம்மா அந்தத் தோலைப் பார்த்துத் தலைக்கு மேல் கை குவித்தாள். "எறங்கிட்டா. தாயே, காப்பாத்திட்ட." நான் காட்டிய சாட்சியே அவள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகுதான் சொன்னாள்: "இது பொழச்சா உன் மரத்துலயே உட்டுடறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

கத்தினேன், தரையில் உருண்டேன். வேண்டுதல் என்று வந்த பிறகு யார் கேட்கிறார்கள்? மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில், நானேதான் விடவேண்டும் என்றாள். அது என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு காலாக நானே பிரித்து மரத்தில் வைத்தேன்.

அன்றைக்கு வீட்டில் கடுகு தாளித்தார்கள். தம்பிகள் தட்டோடு ஓடினார்கள். நான் சோற்றைத் தொடவில்லை. அம்மா பதறிப்போய் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சட்டையை விலக்கி, முதுகில் கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.