இர்ஃபான் செய்த ஸ்கூட்டர்

மே மாத வெயிலில் மைதா பசை கொதிக்கும் வாடை சமையலறையைத் தாண்டி ஹாலுக்கு வந்து, நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்போடும் வாட்டர் கலர் வாசனையோடும் சேர்ந்துகொண்டால், சேலையூரில் எங்கள் வீட்டில் "பொடுசுங்க கிளாஸ்" தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூட டீச்சரான அம்மா விடுமுறையிலும் சும்மா இருக்க மாட்டாள். தெருவிலுள்ள இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் காலையில் இரண்டு மணி நேரம் பாயில் உட்காரவைத்து, கிழித்த காகிதத்தை ஒட்டவும், ஐஸ் குச்சிக்கு வண்ணம் பூசவும், குறுக்கே அரிந்த வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டுத் தாளில் அச்சுக் குத்தவும் விடுவாள். எனக்குப் பதினொரு வயது. கை துடைத்துவிடுவதும் பசையை வாயில் வைக்கிறவர்களைப் பிடிப்பதும் என் வேலை. "பசங்க பண்ணதுல நீ கை வைக்காத, கோணலா இருந்தா இருக்கட்டும்" என்று அம்மா தினமும் சொல்வாள், நானும் தினமும் தலையாட்டுவேன்.

எதிர்வீட்டு இர்ஃபானுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவான். அத்தாவுக்குக் குரோம்பேட்டையில் பை கடை. காலையில் கிளம்பினால் பிள்ளை தூங்கிய பிறகுதான் திரும்புவார். அந்த அத்தாவின் சிவப்பு ஸ்கூட்டரைத்தான் இர்ஃபான் வெண்டைக்காயால் செய்தான். செய்தான் என்றால், தாள் நனைந்து கிழிகிற வரை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தான். பார்க்கிறவர்களுக்கு அது சிவப்புச் சேறு. அவனோ கீழே விரல் வைத்து "டயரு" என்பான், மேலே வைத்து "அத்தா" என்பான். கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, எல்லாருடைய கைவேலையையும் ஹாலில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பெற்றோரைக் கூப்பிடுவது அம்மாவின் வழக்கம். அன்று மட்டும் கடையைத் தாமதமாகத் திறக்க அத்தா ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இர்ஃபானுக்கு அதே பேச்சு.

என் கவலை வேறு. அந்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் என் வகுப்புத் தோழி சுகந்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். படம் வரைவதில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். அம்மா சனிக்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் மாட்டிவிட, இர்ஃபானின் கிழிந்த தாள் வாசலுக்கு நேரே வந்து நின்றது. மதியம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் அதைக் கழற்றிக் கசக்கி, வெண்டைக்காய்க் காம்புகளோடு குப்பையில் போட்டேன். புதுத்தாளில் வரிசை தப்பாமல் ஆறு சிவப்புப் பூக்கள் குத்தி, பச்சையில் தண்டு இழுத்து, அம்மாவின் எழுத்தைப் போலவே ஓரத்தில் "இர்ஃபான்" என்று பென்சிலால் எழுதி மாட்டினேன். வெட்கக்கேடு, செய்துவிட்டு எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

மறுநாள் அவன் அத்தாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தான். அத்தா பேரைப் படித்துவிட்டு, தன் பிள்ளையா இத்தனை அழகாகச் செய்தான் என்று அவனைத் தூக்கிக்கொண்டார். அவன் "இது என்து இல்ல" என்றான். பேர் போட்டிருக்கிறதே, பொய் சொல்லக் கூடாது என்று அவன் அம்மா கண்டித்தார். அவன் என்னைத் தேடிப் பார்த்தான்.

"அக்கா, ஸ்கூட்டர் எங்க?"

சுகந்தி பக்கத்தில் நின்றிருந்தாள். "இதாண்டா உன்னுது, மறந்துட்டியா?" என்றேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அக்கா சொன்னால் சரிதான். கொஞ்ச நேரம் அந்தப் பூக்களையே பார்த்துவிட்டு அத்தாவிடம் திரும்பி, "நான் பண்ணேன்" என்றான். அவன் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அம்மா அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த கோடையில் வெண்டைக்காயை அவன் கையில் கொடுத்தால், வாங்காமல் என் பக்கமே தள்ளிவிடுவான்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அம்மாவும் இல்லை. தெருவின் பொடுசுகள் ஏ.சி. போட்ட சம்மர் கேம்ப்புக்கு வேனில் போகின்றன. நாலு நாளைக்கு முன் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் இர்ஃபானைப் பார்த்தேன். பை கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். கையில் சார்ட், ஐஸ் குச்சி, கலர் பாக்கெட்.

"பாப்பாவுக்கு கேம்ப்ல ஏதோ கிராஃப்ட்டாம்க்கா, அவகூட உக்காந்து பண்ணணுமாம். எனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே இதெல்லாம் வராதே. நீங்க பண்ணித் தரீங்களா?"

உனக்கு வரும்டா, நீ ஸ்கூட்டர் செய்தாய், நான்தான் அதைக் கசக்கிப் போட்டேன் என்று அந்தக் கடை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொடு, பண்ணித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சார்ட் என் மேசைமேல் சுருட்டியபடியே கிடக்கிறது. போன் போட்டு அவனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.