ஈசானி மூலையில் சப்வூஃபர்

நேத்து சேலத்துல வாங்கின சப்வூஃபர சேந்தமங்கலம் வரைக்கும் பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்தேன். இன்னிக்குக் காலைல இருந்து அதோட மல்லுக்கட்டு.

டிவில ஒரு சண்டைப் படத்தப் போட்டுட்டு, ஹால்ல மூணு மூலைல வெச்சுப் பார்த்தேன். ஒண்ணுலயும் சரியா வரல. கடைசியா வடகிழக்குல வெச்சேன். சண்டைக் காட்சில விழற குத்து என் நெஞ்சுக்குள்ள விழுது. அப்பாடான்னு உக்காந்தேன்.

அடுப்படில இருந்து அம்மா வந்துருச்சு.

"சாமி, அது ஈசானி மூலை. அங்க பாரம் வெச்சா ஊட்டுக்கு ஆகாது. எடுத்துத் தென்மேற்குல, கன்னி மூலைல வையி."

"அங்க பீரோ இருக்குதும்மா. சத்தம் சரியா வராது."

"பாரம் பாரத்தோட இருக்கட்டும்."

பொண்டாட்டியப் பார்த்தேன். "அத்தை சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்"னு சிரிச்சுட்டு உள்ள போயிட்டா.

மறுபடியும் கன்னி மூலைக்கே மாத்துனேன். ஒவ்வொரு குத்துக்கும் பீரோக் கதவு டவுன் பஸ் ஜன்னலாட்டம் கடகடங்குது. வால்யூமக் குறைச்சேன், அடியில துண்ட மடிச்சு வெச்சேன், கதவு இடுக்குல அட்டை சொருகினேன். எதுக்கும் அடங்கல. வெறுத்துப்போய் விட்டுட்டேன்.

மத்தியானம் அம்மா சீரியல் போட்டுச்சு. மாமியார் மருமகள ஊட்ட விட்டுத் தொரத்துற எடம். டிவில இடி இடிச்சுது. கூடவே பீரோவும் கடகடன்னுச்சு.

"இப்பத்தான் சாமி நெசமான இடியாட்டம் இருக்குது. இனி இதத் தொடாத."

நான் இப்ப மொட்டைமாடில இயர்போன் மாட்டிக்கிட்டு, அந்தச் சண்டைப் படத்த போன்ல பார்த்துட்டு இருக்கேன்.

உங்க ஊட்ல சப்வூஃபர் எந்த மூலைலன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஈசானி மூலைன்னு யாராவது போட்டீங்க, பிளாக் பண்ணிருவேன்.