தம்புள்ளை விலை

ஒரே கை டிராக்டருக்குக் கண்டியில் ஒரு விலையும் தம்புள்ளையில் ஒரு விலையும் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யாராவது எதையாவது மலிவாக வாங்கி வந்ததாகச் சொன்னால், எழுந்து உள்ளே போய்விடத் தோன்றுகிறது.

கை டிராக்டர் என்பது இரண்டு சில்லு மெஷின். இரண்டு பிடிகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து உழலாம். பின்னால் பெட்டி கொளுவினால் அதன் முன்பலகையில் உட்கார்ந்து மூட்டை ஏற்றி ஓட்டலாம். புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே என் கணவர் மூன்று துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்தார். அங்கிருந்து லொறி நிற்கும் மெயின் ரோட்டுக்கு மூட்டைகளை ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கிற வாரத்திலும் தூக்குகூலி போக மிஞ்சியது அடுத்த விதைக்குக்கூடப் போதவில்லை. கண்டியில் ஒரு ஏஜென்சி அவரைக் கட்டாருக்கு அனுப்பத் தயாராக இருந்தது. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது.

"சொந்தமா ஒரு மெஷின் இருந்தா நான் ஏன் கட்டாருக்குப் போறேன்" என்றார் ஒரு நாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மெஷின் வந்தால் அவர் இருப்பார். வராவிட்டால் போவார். போனால் இரண்டு வருடம். பாப்பாவுக்கு இரவில் மூச்சு இழுத்தால் நான் யாரை எழுப்புவேன் என்று பகலிலேயே யோசித்துக்கொண்டிருப்பேன்.

மாமனார் தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் நான் கண்டியில் ஒரு கடையில் வேலை பார்த்ததில் வந்த சேமலாப நிதி இருந்தது. என் இரண்டு காப்புகளையும் சேர்த்தால் சமாளிக்கலாம். நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். கடையில் டெலிபோன் எடுத்துப் பழகியவள், சிங்களமும் நன்றாக வரும். அதனால் விலை விசாரிக்கிற வேலையை அவர் என்னிடமே விட்டுவிட்டார். "நீ பாரு, ஒனக்குத்தான் கணக்கு தெரியும்" என்றார்.

முதலில் கண்டிக்குப் போய் நேரில் கேட்டோம். மூன்று லட்சத்து எண்பதாயிரம், பெட்டியோடு சேர்த்து. பிறகு நான் தண்ணீர் பிடிக்கும் பைப்படி மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற ஊர்க் கடைகளைக் கூப்பிட்டேன். கம்பளையில் கண்டியை விட ஐயாயிரம் கூட. குருநாகலில் முப்பதாயிரம் குறைவு. தம்புள்ளையில் அறுபத்தையாயிரம் குறைவு. நான் நம்பவில்லை. அதே கம்பனி, அதே குதிரைவலு, அதே சிவப்பு நிறமா என்று இரண்டு முறை கேட்டேன். தம்புள்ளைக்காரர் சிரித்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பத்துக் கடை இருக்கிறது, போட்டிதான் காரணம் என்றார். மரக்கறி ஏற்றிப் போகும் லொறி வெறுமையாகத்தான் திரும்பி வரும், அதில் ஏற்றினால் கூலியும் அதிகம் இல்லை என்று வழியும் சொல்லிக் கொடுத்தார்.

மறுபடி கண்டிக் கடையைக் கூப்பிட்டு வித்தியாசத்தைச் சொன்னேன். விற்பனையில் நின்ற இளைஞன் கோபப்படவில்லை. வயலுக்கு எடுப்பது வேறு, மலைக்கு எடுப்பது வேறு என்றான். "எங்க ஆள் ஒருத்தர் ஒங்க எடத்துக்கே வந்து ரெண்டு நாள் நின்னு ஓட்டக் காட்டித் தருவாரு அக்கா. அதுவும் சேர்த்துத்தான் இந்த வெல. சாப்பாடும் படுக்க எடமும் மட்டும் நீங்க பாத்துக்குங்க."

அந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு இருந்தது படுக்க ஒரு காம்பராவும் ஒரு சமையற்கட்டும். காம்பராவுக்குக் குறுக்கே கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டிருந்தோம். பாப்பாவுக்கு நான் பால் கொடுப்பதும், அவர் படுப்பதும், துணி காய்வதும் எல்லாம் அங்கேதான். கக்கூசு வெளியே, நான்கு வீட்டுக்குப் பொது. கண்டி டவுனிலிருந்து ஒரு மனிதர் காற்சட்டையும் சப்பாத்துமாக வந்து நின்றால் எங்கே உட்காரச் சொல்வேன்? இரண்டு இரவு எங்கே படுக்க வைப்பேன்? காலையில் எழுந்து அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதை எப்படிப் பார்ப்பேன்? நான் கண்டியில் வேலை பார்த்த காலத்தில் என்னுடன் வேலை செய்தவர்கள் யாருக்கும் என் வீடு லயம் என்று தெரியாது. புசல்லாவை டவுன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

கணவரிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "ஆள் அனுப்புறதெல்லாம் வெலய ஏத்துறதுக்கு ஒரு சாட்டுங்க. ரெண்டு நாள் சொல்லிக் கொடுக்க அறுபத்தையாயிரமா?" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது நியாயமாகப் பட்டது. அவர் சரி என்றார். நான் படித்தவள் சொல்கிறேன், அவர் வேறு என்ன சொல்வார்?

தம்புள்ளைக்கு மூவருமாகப் போனோம். கடைக்குப் பின்னால் வயலை ஒட்டி மேசை போல் சமமான ஒரு வெளி. அங்கே அரை மணி நேரம் ஓட்டக் காட்டினார்கள். இரண்டு பிடியிலும் ஒவ்வொரு லீவர் இருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும், வலதைப் பிடித்தால் வலது பக்கம். அவ்வளவுதான். என் கணவர் பத்து நிமிடத்தில் எட்டுப் போட்டு ஓட்டிக் காட்டினார். பாப்பா கைதட்டினாள். கடைக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அடுத்த சில நாட்கள் அவர் போகிற இடமெல்லாம் என் பெயரைத்தான் சொன்னார். தேத்தண்ணிக் கடையில், கோயிலில், லொறிக்காரனிடம்: "எங்க வீட்ல போன்லயே அறுபத்தஞ்ச மிச்சம் புடிச்சிருச்சு." லயத்துப் பெண்கள் பைப்படியில் என்னை வேறு மாதிரிப் பார்த்தார்கள். ஏஜென்சியிலிருந்து வந்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் துண்டு நிலத்தை உழுதார். பாத்தி கட்டிய சமமான இடம், தொந்தரவு இல்லை. மூன்றாவது வாரம் முதல் தடவையாகப் பெட்டி கொளுவி லீக்ஸ் மூட்டை ஏற்றினார். மெயின் ரோட்டுக்குப் போகும் தோட்டத்து ரோடு வளைந்து வளைந்து இறங்கும். இடது பக்கம் மலை, வலது பக்கம் தேயிலைப் பள்ளம். காலை பத்து மணி இருக்கும். நான் பைப்படியில் பாப்பாவின் துணி அலசிக்கொண்டே பார்த்திருந்தேன். முதல் வளைவு இடது பக்கம். மெஷின் மலைப் பக்கம் திரும்ப வேண்டும். அது யாரோ இழுத்த மாதிரி வலது பக்கம் போனது. தேயிலைக்குள் இறங்கி, பெட்டி சாய்ந்து, மூட்டைகள் உருண்டன. துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அவருடைய வலது கால் பெட்டிக்கு அடியில் இருந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். வார்டில் படுத்துக்கொண்டு அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் எடது பக்கந்தான் புடிச்சேன். அது வலது பக்கம் போச்சு." யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பயத்தில் மாற்றிப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் ஒரு நாள் சொல்லியும்விட்டேன். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

மலிவு மெஷின் என்பதால் ஏதாவது பழுது இருக்கலாம் என்று கம்பளையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். தம்புள்ளைக் கடைக்குப் போன் எடுத்துச் சண்டை போட்டேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நானே போனை வைத்தேன்.

ஏழு மாதம் நிலம் சும்மா கிடந்தது. குத்தகையைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கியதும் ஏஜென்சியை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சாமான் கிடங்கில் வேலை, சம்பளம் முன்னதை விடக் குறைவு. போகிற செலவுக்கு மெஷினை விற்பதென்று முடிவானது.

வாங்க வந்தவர் கண்டிப் பக்கம் மடவளைக்காரர். நாற்பது வயது மரக்கறி வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் இறக்கத்தில் அவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்ததாம். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் லயத்து வாசற்படியில் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்து குடித்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எங்கே எடுத்தது, எவ்வளவுக்கு எடுத்தது என்று கேட்டார்.

"கண்டியில" என்றார் என் கணவர். "மூணு லட்சத்து எம்பது." பிறகு என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கிய விலை கூடியிருந்தால்தானே விற்கிற விலையும் கூடும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வியாபாரி என் கணவருடைய காலைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். நானே சொன்னேன், வளைவில் மெஷின் தப்பான பக்கம் போய்விட்டது என்று.

"கண்டிக் கடையில எடுத்ததெண்டா ஆள் வந்து ரெண்டு நாள் நிண்டு காட்டித் தந்திருப்பானே மகள்" என்றார் அவர். "எறக்கத்துல லோடு பின்னால தள்ளுற நேரம் பிடி மாறித்தான் வேல செய்யும். எடது பக்கம் போகணுமெண்டா வலதத்தான் பிடிக்கணும். நான் மொத மெஷின் எடுத்த நேரம் எனக்கும் அவன்தான் சொல்லித் தந்தான். ஒங்களுக்குச் சொல்லலியா?"

கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது உண்மை. அவர் இடது பக்கந்தான் பிடித்திருந்தார்.

கண்டியில் எடுக்கவில்லை என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் விலை விழும். "சொன்னாங்கதான்" என்றேன். "நாங்கதான் சரியா கவனிக்கல."

வியாபாரி மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் என் கணவருக்குத்தான். சொல்லிக் கொடுத்தும் மறந்து காலை உடைத்துக்கொண்ட ஆளைப் பார்க்கிற பார்வை. அவர் அதை வாங்கிக்கொண்டார். இரண்டு லட்சத்து எழுபதுக்கு விலை முடிந்தது. வியாபாரி பலகையில் ஏறி உட்கார்ந்து, அதே தோட்டத்து ரோட்டில் இறங்கினார். முதல் வளைவில் கை தானாக மாறிப் பிடித்தது. மெஷின் மலையை ஒட்டித் திரும்பி மறைந்தது.

பணத்தை நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பாப்பா வாசலில் நின்று போன சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கணவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அந்தக் கண்டி ஆள கோயில் கொட்டகையில படுக்க வச்சிருக்கலாம். சாப்பாடு கடையில சொல்லியிருக்கலாம்."

எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவர் கம்பை ஊன்றி எழுந்து, விசாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டும், நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து வை என்றார்.